யாக்கோபசு வாண்ட் ஹாஃப்

யாக்கோபசு என்றிக்கசு வாண்ட் ஹாஃப் (ஆகஸ்ட் 30, 1852 - மார்ச் 1, 1911) நெதர்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901 ஆம் ஆண்டில் பெற்றவர் இவரே. கரிம மூலக்கூறுகளுக்கு முப்பரிமாண வடிவம் உண்டு என்ற கருத்து, வேதிவினை வேகவியல், வேதிச் சமநிலை, சவ்வூடு பரவல் அழுத்தம் ஆகிய துறைகளில் இவர் அடிப்படையான பங்களிப்புகளைச் செய்தார். ஒரு வினையின் வேகம் வினைபடுபொருள்களின் தொடக்கச் செறிவை எவ்வாறு சார்ந்துள்ளது என்பதை அளந்து, அதிலிருந்து வினையின் தன்மையை அறியும் முறையை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் மாணவர்கள் படிக்கும் வினைவகை, வினைவேக மாறிலி ஆகிய கருத்துகளின் வேர் இவருடைய 1884 ஆம் ஆண்டு நூலில் உள்ளது.

இளமையும் கல்வியும்

வாண்ட் ஹாஃப் நெதர்லாந்தின் துறைமுக நகரான ராட்டர்டாமில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். ஏழு குழந்தைகளில் இவர் மூன்றாமவர். பள்ளி நாட்களிலேயே வேதியியல் சோதனைகளில் ஆர்வம் கொண்டிருந்தார். 1869 இல் டெல்ஃப்ட் நகரப் பல்தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார்.

படிப்புக் காலத்தின் விடுமுறை ஒன்றில் இவர் ஒரு சர்க்கரை ஆலையில் பணியாற்றினார். நாள்தோறும் ஒரே வகையான சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் அவ்வேலை இவருக்குச் சலிப்பைத் தந்தது. தொழில்நுட்ப வல்லுநராக வாழ்நாளைக் கழிப்பதை விட அடிப்படை அறிவியலில் ஈடுபடுவதே தமக்கு ஏற்றது என்று முடிவு செய்தார். 1871 இல் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதம் பயின்றார். வேதியியலாளர் பலரிடம் அக்காலத்தில் இல்லாதிருந்த இந்தக் கணிதப் பயிற்சி பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் துணை செய்தது.

பின்னர் செருமனியின் பான் நகரில் ஆகஸ்ட் கெக்குலேயிடமும், பாரிசில் அடோல்ஃப் வுர்ட்சிடமும் பயின்றார். 1874 டிசம்பரில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

முப்பரிமாண வேதியியலும் கோல்பேயின் தாக்குதலும்

முனைவர் பட்டம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1874 செப்டம்பரில், வாண்ட் ஹாஃப் டச்சு மொழியில் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் அமையாமல், ஒரு நான்முகியின் நான்கு முனைகளை நோக்கி அமைகின்றன என்பதே அதன் சாரம். நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒரு கார்பனுடன் இணைந்தால், வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் உருவாகும். சில சேர்மங்கள் ஒளியின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றுவதற்குக் காரணம் இதுவே என்று இவர் விளக்கினார். இதே ஆண்டில் பிரான்சின் யோசப் லெ பெல் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

1876 இல் வாண்ட் ஹாஃப் உட்ரெக்ட் நகரின் கால்நடை மருத்துவப் பள்ளியில் பணியில் அமர்ந்தார். இவருடைய நூல் 1877 இல் செருமன் மொழியில் வெளிவந்தபோது, லைப்சிக் நகரின் மூத்த வேதியியலாளர் எர்மன் கோல்பே அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கால்நடைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் முறையான ஆய்வில் நாட்டமின்றிக் கற்பனைக் குதிரையில் ஏறிப் பறப்பதாக அவர் ஏளனம் செய்தார். கோல்பே அக்காலத்தில் செல்வாக்கு மிக்க ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர். வாண்ட் ஹாஃபோ அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். இத்தகைய தாக்குதல் ஓர் இளைஞரின் அறிவியல் வாழ்வை முடக்கியிருக்கக்கூடும்.

அதே ஆண்டில் வாண்ட் ஹாஃபுக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. 1878 இல் வேதியியல், கனிமவியல், நிலவியல் ஆகியவற்றின் பேராசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் ஆற்றிய பதவியேற்பு உரைக்கு அறிவியலில் கற்பனையின் பங்கு என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 200 அறிவியலாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்து, அவர்களுள் சிறந்தோர் பலர் கவிதை, ஓவியம், இசை போன்றவற்றிலும் கற்பனை வளத்தை வெளிப்படுத்தியவர்கள் என்று காட்டினார். இவ்வுரை கோல்பேக்கு அளித்த மறைமுகமான விடையாகக் கருதப்படுகிறது. ஆனால் அடுத்த ஆறு ஆண்டுகளில் இவர் ஆய்வகத்தில் செய்த அளவீடுகளே முழுமையான விடையாக அமைந்தன.

வினைவேகவியல்: முந்தைய நிலை

வேதிவினை எவ்வளவு வேகத்தில் நிகழ்கிறது என்பதை முதன்முதலில் கணித வடிவில் ஆராய்ந்தவர் செருமானியரான லுட்விக் வில்லெல்மி ஆவார். இவர் 1850 இல், அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரியும் வினையை எடுத்துக்கொண்டார். கரைசல் ஒளியைச் சுழற்றும் அளவு வினை நிகழ நிகழ மாறுவதால், கரைசலைக் கலைக்காமலேயே எஞ்சிய சர்க்கரையின் அளவை அறிய முடிந்தது. எந்த நேரத்திலும் வினைவேகம் அந்நேரத்தில் எஞ்சியுள்ள சர்க்கரையின் செறிவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று அவர் கண்டார். இம்முடிவு பல ஆண்டுகள் வேதியியலாளர்களின் கவனத்தைப் பெறாமல் கிடந்தது.

1864 இல் நார்வே நாட்டின் குல்ட்பெர்க், வாகே ஆகியோர் நிறைதாக்க விதியை வெளியிட்டனர். இங்கிலாந்தில் ஆர்கோர்ட், எசன் ஆகியோரும் 1860-களில் வினைவேகத்தை அளந்தனர். எனினும் ஒரு வினையில் உண்மையில் எத்தனை மூலக்கூறுகள் பங்கேற்கின்றன என்பதைச் சோதனையால் கண்டறியும் பொதுவான முறை அப்போது இல்லை.

1884 ஆம் ஆண்டு நூல்

வாண்ட் ஹாஃபும் அவருடைய மாணவர்களும் ஆம்ஸ்டர்டாமில் செய்த ஆய்வுகள் 1884 இல் வேதி இயக்கவியல் பற்றிய ஒரு நூலாகப் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தன. வினைகளை ஒரு மூலக்கூறு வினை, இரு மூலக்கூறு வினை, பல மூலக்கூறு வினை என்று இந்நூல் வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய கணிதச் சமன்பாட்டைத் தந்தது. டைபுரோமோசக்சினிக் அமிலம் நீர்க்கரைசலில் சிதைவது முதல் வகைக்கும், மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தின் சோடியம் உப்பு சோடியம் ஐதராக்சைடுடன் வினைபுரிவது இரண்டாம் வகைக்கும் இவர் காட்டிய எடுத்துக்காட்டுகள் ஆகும்.

நூலின் மிக முக்கியமான செய்தி, தாளில் எழுதப்படும் சமன்செய்த சமன்பாட்டிலிருந்து வினைவேகத்தைப் படித்துக்கொள்ள முடியாது என்பதாகும். ஆர்சைன் வாயு சூடாக்கப்படும்போது ஆர்செனிக்காகவும் ஐதரசனாகவும் சிதைகிறது. ஆர்செனிக் ஆவியின் மூலக்கூறில் நான்கு அணுக்கள் உள்ளதால், சமன்பாட்டின்படி நான்கு ஆர்சைன் மூலக்கூறுகள் ஒருங்கே வினைபுரிய வேண்டும். ஆனால் அளந்து பார்த்தபோது வினைவேகம் செறிவின் முதல் அடுக்கையே சார்ந்திருந்தது. பாஸ்பீன் வாயுவும் இவ்வாறே நடந்துகொண்டது. சமன்பாடு தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே கூறுகிறது. இடையில் நிகழ்வதை அளவீடுதான் கூற முடியும்.

வினையைக் குலைக்கும் புறக்காரணிகளையும் இவர் விரிவாக ஆராய்ந்தார். கலனின் சுவர், அதன் மீது படியும் விளைபொருள், வினையில் வெளிப்படும் வெப்பம் ஆகியவை அளவீட்டைத் திரித்துவிடக்கூடும். சயனிக் அமிலம் பல்படியாக மாறும் வினையில், சுவரில் ஏற்கெனவே விளைபொருள் படிந்திருந்தால் வினைவேகம் மாறுவதை இவர் கவனித்தார். வாயுச் சிதைவு வினைகள் பல கலனின் மேற்பரப்பிலேயே நிகழ்கின்றன என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

தொடக்கச் செறிவிலிருந்து வினைவகை காணல்

வினைவேகம் என்பது செறிவின் ஏதோ ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று கொள்வோம். அந்த அடுக்கையே இன்று வினைவகை என்கிறோம். வாண்ட் ஹாஃபின் வழி எளிமையானது. ஒரே வினையை இரு வெவ்வேறு செறிவுகளில் நிகழ்த்தி இரு வேகங்களையும் அளக்க வேண்டும். வேகங்களின் விகிதத்திற்கு மடக்கை எடுத்து, அதைச் செறிவுகளின் விகிதத்தின் மடக்கையால் வகுத்தால் வினைவகை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, செறிவை 3 மடங்காக்கும்போது வேகம் 9 மடங்கானால் வினைவகை 2 ஆகும். வேகமும் 3 மடங்கே ஆனால் வினைவகை 1 ஆகும். வேகம் மாறவே இல்லையெனில் வினைவகை சுழி ஆகும். செறிவு 4 மடங்காகும்போது வேகம் 8 மடங்கானால் வினைவகை 1.5 ஆகும். அசிட்டால்டிகைடு வாயுவின் வெப்பச் சிதைவு இத்தகைய பின்ன வகை வினைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒன்றரை மூலக்கூறு மோதுவது இயலாத காரியம் ஆகையால், அவ்வினை பல படிகளில் நிகழ்கிறது என்பதற்கு இந்தப் பின்னமே சான்றாகிறது.

இரு பொருள்கள் வினைபுரிந்தால், ஒன்றின் செறிவை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் மாற்ற வேண்டும். நைட்ரிக் ஆக்சைடும் ஐதரசனும் வினைபுரிந்து நைட்ரசனும் நீரும் தரும் வினையைக் காண்போம். விளக்கத்திற்காக அளவுகள் பங்குகளாகத் தரப்பட்டுள்ளன.

ஆய்வு 1: நைட்ரிக் ஆக்சைடு 1 பங்கு, ஐதரசன் 1 பங்கு, தொடக்க வேகம் 1
ஆய்வு 2: நைட்ரிக் ஆக்சைடு 1 பங்கு, ஐதரசன் 2 பங்கு, தொடக்க வேகம் 2
ஆய்வு 3: நைட்ரிக் ஆக்சைடு 2 பங்கு, ஐதரசன் 1 பங்கு, தொடக்க வேகம் 4

ஆய்வு 1, 2 ஆகியவற்றை ஒப்பிட்டால் ஐதரசனைப் பொறுத்து வினைவகை 1 என்று தெரிகிறது. ஆய்வு 1, 3 ஆகியவற்றை ஒப்பிட்டால் நைட்ரிக் ஆக்சைடைப் பொறுத்து வினைவகை 2 என்று தெரிகிறது. மொத்த வினைவகை 3 ஆகும். சமன்பாட்டிலோ ஒவ்வொன்றிலும் 2 மூலக்கூறுகளாக மொத்தம் 4 மூலக்கூறுகள் உள்ளன. இரண்டின் செறிவையும் இருமடங்காக்கினால் வேகம் 8 மடங்காகும் என்று முன்கூட்டியே கூறி, அதையும் சோதித்துப் பார்க்கலாம்.

தொடக்க வேகத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கலந்த கணத்தில் மட்டுமே ஒவ்வொரு பொருளின் செறிவும் நமக்கு ஐயமின்றித் தெரியும். நேரம் செல்லச் செல்ல விளைபொருள் சேர்கிறது. அது திரும்ப வினைபுரியலாம், வினையைத் தூண்டலாம், அல்லது தடுக்கலாம். ஆகவே செறிவு-நேர வரைபடத்தில் நேரம் சுழியாக உள்ள புள்ளியில் தொடுகோடு வரைந்து, அதன் சாய்விலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. வெப்பநிலையும் வினையூக்கியின் அளவும் எல்லா ஆய்வுகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரே ஆய்வை முடிவு வரை தொடர்ந்து பெற்ற வினைவகையும், தொடக்கச் செறிவுகளை மாற்றிப் பெற்ற வினைவகையும் ஒத்துப்போகவில்லை எனில், ஏதோ ஓர் இடையூறு வினையில் குறுக்கிடுகிறது என்று பொருள்.

வெப்பநிலையும் சமநிலையும்

வேதிச் சமநிலை என்பது வினை நின்றுவிட்ட நிலை அன்று, முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் சம வேகத்தில் நிகழும் நிலை என்று இந்நூல் விளக்கியது. எதிரெதிராக நோக்கும் இரு அம்புகளால் அதனைக் குறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் வாண்ட் ஹாஃபே. சமநிலை மாறிலி வெப்பநிலையோடு எவ்வாறு மாறும் என்பதற்கான சமன்பாடு இவருடைய பெயராலேயே வழங்குகிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காகும் என்ற விதியும் இவர் பெயரில் உள்ளது. வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை இவர் வகுத்த வடிவிலிருந்து வளர்த்தெடுத்து, 1889 இல் கிளர்வு ஆற்றல் என்ற கருத்தைச் சுவீடனின் சுவாந்தே அரினியசு முன்வைத்தார்.

பிரெஞ்சு மொழியில் வந்த நூல் தொடக்கத்தில் பரவலான கவனத்தைப் பெறவில்லை. அதன் சிறப்பை விரைவில் உணர்ந்து மதிப்புரை எழுதியவர்களுள் அரினியசும் ஒருவர். 1896 இல் மாணவர் எர்ன்ஸ்ட் கோகனால் திருத்தப்பட்டுச் செருமன் பதிப்பு வெளிவந்தது.

சவ்வூடு பரவல் அழுத்தம்

தாவர உடலியலாளர் வில்லெல்ம் பெஃபர் 1877 இல் வெளியிட்ட அளவீடுகளைப் பற்றி, ஆம்ஸ்டர்டாமின் தாவரவியலாளர் ஊகோ டி விரீசு வழியாக வாண்ட் ஹாஃப் அறிந்தார். நீர்த்த கரைசலில் கரைபொருள் ஒரு வாயுவைப் போல நடந்துகொள்கிறது, அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் வாயுச் சமன்பாட்டுக்கு ஒத்த சமன்பாட்டால் கிடைக்கிறது என்று 1880-களின் நடுவில் இவர் காட்டினார். ஒரு லிட்டரில் 0.1 மோல் குளுக்கோசு கரைந்துள்ள கரைசலின் அழுத்தம் 27 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2.5 வளிமண்டல அழுத்தம் ஆகும்.

உப்புக் கரைசல்கள் இக்கணக்கை விட அதிக அழுத்தம் காட்டின. இதற்காக இவர் சேர்த்த திருத்தக் காரணி வாண்ட் ஹாஃப் காரணி எனப்படுகிறது. உப்பு நீரில் அயனிகளாகப் பிரிவதே அதற்குக் காரணம் என்று அரினியசு 1887 இல் விளக்கினார். அதே ஆண்டில் வில்லெல்ம் ஓசுட்வால்டும் வாண்ட் ஹாஃபும் இயற்பிய வேதியியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினர். இயற்பிய வேதியியல் தனித்துறையாக உருப்பெற இம்மூவரின் உழைப்பு பெரிதும் காரணமாயிற்று.

பெர்லின் வாழ்க்கையும் இறுதிக் காலமும்

வாண்ட் ஹாஃப் 1878 டிசம்பரில் யோகன்னா பிரான்சினா மீசு என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்களும் இரு மகன்களும் பிறந்தனர். ஆம்ஸ்டர்டாமில் கற்பித்தல், தேர்வு, நிருவாகம் ஆகியவற்றின் சுமை ஆய்வு நேரத்தைக் குறைத்தது. ஆகவே 1896 இல் பெர்லினுக்குச் சென்று பிரசிய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். வாரம் ஒரு விரிவுரை மட்டுமே இவருடைய கற்பித்தல் கடமையாக இருந்தது. அங்கு வில்லெல்ம் மையர்கோஃபருடன் இணைந்து, செருமனியின் இசுட்டாசுஃபுர்ட் பகுதி உப்புப் படிவுகள் பண்டைக் கடல்நீரிலிருந்து எவ்வரிசையில் படிந்தன என்பதைப் பத்தாண்டுகள் ஆராய்ந்தார்.

1901 டிசம்பர் 10 அன்று நோபல் பரிசு பெற்றார். வேதி இயக்கவியலின் விதிகளையும் கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தத்தையும் கண்டறிந்தமைக்காக இப்பரிசு வழங்கப்பட்டது. இளமையில் ஏளனத்திற்கு உள்ளான நான்முகிக் கருத்து பரிசுக்குக் காரணமாகக் குறிப்பிடப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அக்கருத்துக்காக 1893 இல் லெ பெல்லுடன் சேர்ந்து இலண்டன் அரச கழகத்தின் டேவி பதக்கத்தைப் பெற்றிருந்தார்.

இறுதி ஆண்டுகளில் நொதிகளின் செயல்பாட்டை ஆராயத் தொடங்கினார். காசநோயால் உடல்நலம் குன்றி, 1911 மார்ச் 1 அன்று பெர்லினை அடுத்த இசுட்டெகிளிட்சில் தம் 58 ஆம் வயதில் காலமானார். மாணவர் எர்ன்ஸ்ட் கோகன் 1912 இல் இவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். யூதரான கோகன் 1944 இல் ஆசுவிட்சு வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

தாக்கம்

1913 இல் லியோனர் மைக்கேலிசும் கனடாவைச் சேர்ந்த பெண் அறிவியலாளர் மாடு மென்டனும் பெர்லினில் வெளியிட்ட நொதி வேகவியல் ஆய்வு, தொடக்க வேகங்களை அளப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் வில்லெல்மி ஆராய்ந்த அதே கரும்புச் சர்க்கரையின் சிதைவே; அமிலத்திற்குப் பதிலாக நொதியைப் பயன்படுத்தினர். இந்தியாவில் இயற்பிய வேதியியலின் முன்னோடிகளுள் ஒருவரான நீல் ரத்தன் தர் (1892 - 1986) அலகாபாத்தில் வினையூக்கம், வினைவேகம் ஆகியவற்றை ஆராய்ந்தார்.

வாண்ட் ஹாஃபின் விதிகளைத் தமிழகத்தின் வறண்ட பகுதிகளிலும் காணலாம். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பு அமிலத்தன்மையை நீக்குவதால், சர்க்கரை சிதையும் வேகமும் நுண்ணுயிர்களால் புளிக்கும் வேகமும் குறைகின்றன. வெயில் ஏறிய பின் பதநீர் விரைவில் கெடுவது வெப்பநிலை விதியோடு ஒத்துப்போகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில், பயிரின் வேர் நீரை உறிஞ்ச இயலாமல் திணறுவதற்கு மண்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஒரு காரணமாகும். உவர்நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் குடிநீராக்க வேண்டுமெனில், அந்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை விட மிகுதியான அழுத்தத்தைச் செலுத்த வேண்டும். கடல்நீருக்கு இவ்வழுத்தம் ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தம் ஆகும். கிணற்று உவர்நீரில் உப்பு குறைவாதலால், அதைத் தூய்மையாக்கக் குறைந்த அழுத்தமும் குறைந்த மின்சாரமும் போதும்.

நினைவு

நிலவின் எரிமலைவாய் போன்ற பள்ளம் ஒன்றுக்கும் ஒரு சிறுகோளுக்கும் வாண்ட் ஹாஃபின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

வேதிவினை வேகவியல்
வினைவகை
வேதிச் சமநிலை
சவ்வூடு பரவல்
சுவாந்தே அரினியசு
வில்லெல்ம் ஓசுட்வால்டு